கொங்கண் கரையில் காரோடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சாலைப் பயணம் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பலவும் ஒரே திசையைக் கேட்கின்றன: மகாராஷ்டிரத்தின் சஹ்யாத்ரி மலை, அதன் காலடியில் கிடக்கும் கொங்கண் கரை. எனக்கு மிகவும் பிடித்த வழி அது. அதனால் இந்த இதழின் பதில்கள் முழுக்க அதற்கே.

கோவாவுக்குப் பலமுறை போய்விட்டோம். இந்த முறை மலையும் பாறைக் கடற்கரையும் ஒரே பயணத்தில் வேண்டும். சொந்தக் கார், இரண்டு பிள்ளைகள், எட்டு நாள் விடுப்பு. மும்பை – கோவா நெடுஞ்சாலையில் ஒரே ஓட்டமாக ஓட்டிவிடலாமா?
*– வாசகர், ஓசூர்*

நெடுஞ்சாலையைப் பிடித்தால் கடலைப் பார்க்காமலேயே ஊர் திரும்புவீர்கள். என்.எச். 66 பன்வேலில் தொடங்கி நம் கன்னியாகுமரி வரை வருகிற சாலைதான், மேற்குக் கரைச் சாலை என்றுதான் சொல்கிறோம், ஆனால் ராய்கட், ரத்னகிரி மாவட்டங்களில் அது கடலை விட்டு வெகுதூரம் உள்ளே தள்ளி ஓடுகிறது. அதை நான்கு வழியாக்கும் வேலையும் 2011-லிருந்து வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடந்தது. லாரிக்குப் பின்னால் நின்று தூசி தின்பதற்கு எட்டு நாள் விடுப்பு எதற்கு?

நான் சொல்லும் வழி வேறு. ஓசூரிலிருந்து என்.எச். 48-லேயே பெங்களூரு, ஹூப்ளி, பெலகாவி, கோலாப்பூர், சத்தாரா. அங்கிருந்து வாய் என்ற ஊர் வழியாக மலையேறினால் மகாபலேஷ்வர், சுமார் 1,350 மீட்டர் உயரம். ஒரு இரவு அங்கே. மறுநாள் காலையில் கடைத்தெருவை விட்டுவிட்டுப் பழைய மகாபலேஷ்வருக்குப் போங்கள். பஞ்சகங்கா கோயிலில் கல் பசுவின் வாயிலிருந்து தண்ணீர் விழும். கிருஷ்ணா, கோய்னா, வெண்ணா, காயத்ரி, சாவித்திரி என்று ஐந்து நதிகளும் அங்கே பிறப்பதாக நம்பிக்கை. இவற்றில் கிருஷ்ணா கிழக்கே திரும்பி சுமார் 1,400 கிலோமீட்டர் நடந்து வங்காள விரிகுடாவுக்குப் போகிறது. 1996-லிருந்து கண்டலேறு – பூண்டி கால்வாய் வழியாகச் சென்னைக்குக் குடிக்க வருகிறதே, அந்தத் தண்ணீர்தான். சாவித்திரியோ மேற்கே செங்குத்தாக விழுந்து, நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் அரபிக்கடலைத் தொட்டுவிடுகிறது. உங்கள் பயணத்தின் முதல் பாதி இந்தச் சாவித்திரியோடுதான்.

ஆர்தர் சீட் முனையில் நின்றால் சாவித்திரிப் பள்ளத்தாக்கு மொத்தமும் கீழே தெரியும். அந்த மலைச்சுவரில் படிப்படியாகக் கோடுகள் ஓடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு ஒன்றின் மேல் ஒன்றாக வழிந்து இறுகிய அடுக்குகள் அவை. அப்புறம் அம்பேனளி காட் என்ற மலைச்சாலை வழியாகப் போலாத்பூருக்கு இறங்குங்கள், 40 கிலோமீட்டர், நடுவில் பிரதாப்கட் கோட்டைக்கு ஒரு கிளைச்சாலை. பாதை குறுகல், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்காதீர்கள், இருட்டுவதற்குள் கீழே இருங்கள்.

போலாத்பூருக்குப் பக்கத்தில் மகாட். அவசரமாகக் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கான தலித் மக்களோடு போய்த் தண்ணீர் அள்ளிக் குடித்த சவ்தார் குளம் ஊருக்கு நடுவில் இருக்கிறது. பொதுக்குளத்தைத் தலித்துகளும் பயன்படுத்தலாம் என்று நகராட்சி அதற்கு முன்பே தீர்மானம் போட்டிருந்தும் யாரும் அவர்களைக் கிட்டே விட்டதில்லை. சட்டம் தந்ததை எடுத்துக்கொள்ளவே ஒரு போராட்டம் வேண்டியிருந்தது என்பதைக் குளக்கரையில் நின்றே பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

அன்று இரவு ஹரிஹரேஷ்வர். காலபைரவர் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பிரதட்சிணப் பாதை, என்னைக் கேட்டால், இந்தக் கரையிலேயே முதலில் வைக்க வேண்டியது. மேட்டின் மேல் ஏறி, இரண்டு பாறைகளுக்கு இடையே ஆள் நுழையும் அகலத்தில் படிகள் இறங்கும். இடுக்கின் அடியில் கடல் மட்டும் ஒரு நீலக் கீற்றாகத் தெரியும். இறங்கி வெளியே வந்தால் அலை அரித்த பாறைத்தளம். கல் முழுக்கத் தேனடை போலக் குழிகுழியாக அரிந்து, சில குழிகளில் உப்பு வெள்ளையாகப் பூத்து, சிலதில் குட்டி நண்டுகள். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் மட்டும் போங்கள். ஏற்றத்தின்போது அலை அந்தத் தளத்தையே கழுவிக்கொண்டு போகும், ஆட்களையும் இழுத்துப் போயிருக்கிறது. கோயிலில் கேட்டால் நேரம் சொல்லுவார்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் வேண்டாம்தான்.

மறுநாள் பாக்மண்டளாவில் காரைப் படகில் ஏற்றிச் சாவித்திரியின் கழிமுகத்தைக் கடந்தால் அக்கரை வேசவி. மலையுச்சியில் பசுவின் வாயில் கையளவாகப் பார்த்த நதி இங்கே அக்கரை மங்கலாகத் தெரியும் அளவுக்கு விரிந்து கிடக்கும். பிறகு பாண்கோட், வேளாஸ், கேள்ஷி, ஆஞ்சர்லே, ஹர்ணை என்று கரையோடு தெற்கே போகலாம். தாபோளில் இன்னொரு படகு, குஹாகர், தவ்சாளில் இன்னொன்று, அக்கரை ஜய்கட், பிறகு கணபதிபுலே. அங்கிருந்து ரத்னகிரிக்கு ஆரே – வாரே சாலையில் போங்கள்: சவுக்குத்தோப்பு, இரண்டு சிறு பாலங்கள், கறுத்த பாறை, மேலே ஏறித் திரும்பிப் பார்த்தால் வளைந்து கிடக்கும் கரை. தெற்கே போகும்போது கடல் வலப்பக்கம் வரும், ஓட்டுகிறவரின் கண் அங்கேயே போகும். ஆகவே ஓடும்போது பார்க்க வேண்டாம், மேட்டில் ஓரமாக நிறுத்தி இறங்கி ஆற அமரப் பாருங்கள்.

கடைசி இரவுகள் மால்வண். திரும்பும்போது சாவந்த்வாடி, ஆம்போளி காட், பெலகாவி. ஆம்போளியில் பிறக்கும் ஹிரண்யகேசி கட்டப்பிரபாவில் சேர்ந்து கிருஷ்ணாவுக்குப் போகிறது. ஆக நீங்கள் கடலிலிருந்து மறுபடியும் கிருஷ்ணாவின் பக்கம் ஏறிவிடுகிறீர்கள்.

ஒன்றை மனதில் வையுங்கள். இந்தக் கரையில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் கணக்குப் போடாதீர்கள். மலைக்கும் கடலுக்கும் இடையே இங்கே 50, 60 கிலோமீட்டர்தான். நதிகள் குட்டையானவை, வேகமானவை, ஒவ்வொன்றும் கரையை வெட்டிக் கழிமுகமாக்கியிருக்கிறது. இரண்டு கழிமுகங்களுக்கு இடையே செம்புறைக்கல் மேடு. அதனால் ஊர் தாண்டினால் ஏற்றம், மேட்டின் மேல் வெட்டவெளி, அப்புறம் தென்னைக்கும் பாக்குக்கும் நடுவே இறக்கம், அடுத்த ஊர், மறுபடியும் ஏற்றம். வரைபடத்தில் 40 கிலோமீட்டர் என்று தெரிவது ஒரு முழுக் காலைப்பொழுது. நாள் போதவில்லை என்றால் தெற்குப் பாதியை விட்டுவிட்டு ரத்னகிரியோடு திரும்புங்கள். வேகத்தைக் கூட்டி எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வருவதில் எனக்குச் சம்மதமில்லை.

படகில் காரை ஏற்றுவது எப்படி? முன்பதிவு உண்டா? பயமாக இருக்கிறது.
*– வாசகி, திருச்சி*

பயமே வேண்டாம். கேரளத்தில் ஜங்கார் என்பார்களே, அதே வகை. தட்டையான இரும்புப் படகு, முன்தட்டு சாய்ந்து கரைச் சரிவின் மேல் படியும், ஆட்கள் கைகாட்டுவார்கள், அவர்கள் கையை மட்டும் பார்த்து மெதுவாக ஏற்றினால் போதும். ஏறியதும் கைபிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கி ஓரத்தில் வந்து நில்லுங்கள். கழிமுகத்தின் நடுவிலிருந்து பார்த்தால்தான் ஒரு பக்கம் மலைவரிசையும் மறுபக்கம் திறந்த கடலும் சேர்ந்து கண்ணில் படும். கடல் வற்றியிருக்கும்போது சரிவு செங்குத்தாகவும் வழுக்கலாகவும் இருக்கும். அடிப்பாகம் தாழ்ந்த கார் என்றால் கொஞ்சம் பொறுத்திருந்து அடுத்த படகில் போகலாம், ஒன்றும் குடிமுழுகிவிடாது.

சாதாரண நாட்களில் போய் வரிசையில் நின்றால் போதும். நீண்ட வார இறுதிகளிலும் டிசம்பர் கடைசியிலும் புனே, மும்பைக் கார்கள் குவிந்துவிடும். படகைத் தவிர்த்துச் சாலையாகச் சுற்றினால் ஒரு கழிமுகத்துக்கே பல பத்து கிலோமீட்டர் கூடுதல். இந்தக் கழிமுகங்களில் பாலம் கட்டும் திட்டம் இருக்கிறது, ஆகவே கிளம்பும் முன் எந்தப் படகு ஓடுகிறது என்று தங்கும் வீட்டில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். பாலங்கள் வந்தால் உள்ளூர்க்காரர்களுக்கு நல்லது, மருத்துவமனைக்குப் போக அவர்கள் படகுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கு முன் ஒருமுறை போய்விட்டு வாருங்கள் என்பது என் ஆசை.

ஜூலையில் பைக்கில் போகலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மழையில்தான் அருவிகள் அழகு என்கிறார்கள்.
*– வாசகர், கோவை*

அருவிகள் அழகு என்பது உண்மை. ஆனால் போகாதீர்கள். 2021 ஜூலை 22, 23-இல் மகாபலேஷ்வரில் 24 மணி நேரத்தில் 594 மில்லிமீட்டர் மழை பெய்தது. சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே சுமார் 1,400 மில்லிமீட்டர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மழையில் அம்பேனளி காட் பல இடங்களில் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது. மகாடுக்கு அருகே தளியே கிராமத்தின் மேல் மலை சரிந்து 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முன் 2018 ஜூலையில் இதே அம்பேனளி காட் சாலையில் ஒரு பேருந்து பள்ளத்தில் விழுந்து, தாபோளி வேளாண் பல்கலைக்கழக ஊழியர்கள் 30 பேர் இறந்தார்கள். வழுக்கல், மூடுபனி, மேலிருந்து உருளும் கல், இதில் எதற்கும் ஹெல்மெட் பதில் சொல்லாது.

அதுவும் போக, ஜூன், ஜூலையில் மேற்குக் கரையில் மீன்பிடித் தடை. மால்வணில் கடல்நடுவே இருக்கும் சிந்துதுர்க் கோட்டைக்குப் படகு ஓடாது. பாதி ஊர் மூடியிருக்கும்.

பச்சையைப் பார்க்கத்தான் ஆசை என்றால் செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் பாதியில் போங்கள். மலை இன்னும் பச்சையாகவே இருக்கும், அருவிகளும் வற்றியிருக்காது. சத்தாராவுக்கு மேலே காஸ் பீடபூமியில் பூக்காலத்தின் கடைசியும் கிடைக்கலாம். அங்கே நுழைய முன்பதிவு செய்துகொள்ளுங்கள், பூவின் மேல் உட்கார்ந்து போட்டோ எடுக்காதீர்கள். கல்லின் மேல் விரலளவு மண்ணில் வருஷத்துக்கு ஒருமுறை முளைப்பவை அவை.

அம்மாவுக்கு 70 வயது. வளைவுச் சாலையில் வாந்தி வரும். சுத்த சைவம். அழைத்துப் போகலாமா?
*– வாசகி, தாம்பரம்*

தாராளமாக. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பழகியவர்களை இந்தக் காட் சாலைகள் மிரட்டாது. ஆனால் அம்மாவுக்கு வாந்தி வரும் என்கிறீர்கள், அதனால் முன் இருக்கை, அரை வயிறு, காலை நேரம். சென்னையிலிருந்து மொத்தமும் காரில் வேண்டாம், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய பிறகுதான் மலையே வரும். புனே வரை விமானத்திலோ ரயிலிலோ போய் அங்கே கார் எடுங்கள். கோட்டைப் படிகள், ஹரிஹரேஷ்வர் பாறை இரண்டையும் அம்மா தவிர்த்துவிடலாம்.

சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. விடுதிகளை விட வீடுகளில் தங்குங்கள். 'கர்குதி ஜேவண்' என்று பலகை தொங்கும் இடத்தில் வீட்டுச் சமையல் கிடைக்கும். உகடீச்சே மோதக் என்பது நம் பூரணக் கொழுக்கட்டைதான், மேலே நெய்யைக் கொட்டித் தருவார்கள். காவணே என்று மெல்லிய அரிசித் தோசை. மால்வண் பக்கம் ஷிர்வாளே கேளுங்கள், இடியாப்பத்தை வெல்லம் கரைத்த தேங்காய்ப்பாலில் தருவது. அம்மா முதல் வாயிலேயே வீட்டுச் சாப்பாடு என்று சொல்லிவிடுவார். சாப்பாட்டின் முடிவில் வரும் ஸோல்கடி, கோகம் புளிப்பும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த ரோஜா நிறப் பானம், பயணத்தில் கெட்ட வயிற்றுக்கு இதமானது. மீன் சமைக்கும் வீடுகளே அதிகம் என்பதால் தனிப் பாத்திரம் வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

செஞ்சிக்காரன் நான். யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சியோடு சேர்த்த மராத்தியக் கோட்டைகளில் எவையெல்லாம் இந்த வழியில் வரும்?
*– வாசகர், விழுப்புரம் மாவட்டம்*

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. 2025 ஜூலையில் 12 கோட்டைகளைச் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். 11 மகாராஷ்டிரத்தில், ஒன்றே ஒன்று வெளியே, அது செஞ்சி. மேலே சொன்ன வழியில் நான்கு வரும்.

முதலாவது பிரதாப்கட். 1656-இல் சிவாஜி கட்டியது, 1659 நவம்பரில் பிஜப்பூர்த் தளபதி அஃப்சல் கானை எதிர்கொண்டது இதன் அடிவாரத்தில்தான். அடுத்தது ஹர்ணைக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் சுவர்ணதுர்க். ஹர்ணையில் மாலை மீன் ஏலம் நடக்கும் கரையில் நின்றாலே தெரியும், படகில் போய்ச் சுற்றியும் வரலாம். மூன்றாவது ரத்னகிரிக்கும் மால்வணுக்கும் நடுவே விஜய்துர்க், மூன்று பக்கம் கடல், மூன்றடுக்கு மதில், 1756-இல் ஆங்கிலேயத் தளபதிகள் வாட்சனும் கிளைவும் கடல்வழியாக வந்து அடித்துப் பிடித்த இடம். நான்காவது மால்வணுக்கு எதிரே தீவில் சிந்துதுர்க், 1664-இல் வேலை தொடங்கியது. சுற்றிலும் உப்புக்கடல், உள்ளே நல்ல தண்ணீர்க் கிணறுகள். இன்றும் குடும்பங்கள் உள்ளே வசிக்கின்றன.

நேரம் ஒன்றுக்குத்தான் என்றால் விஜய்துர்க் போங்கள். சிந்துதுர்க்கில் கூட்டம் நெருக்கும். விஜய்துர்க்கில் மதில் மேல் தனியாக நடக்கலாம், கல்லிடுக்கில் அலை மோதும் சத்தம் காலடியில் கேட்கும். சிவாஜி செஞ்சியைப் பிடித்தது 1677-இல். பின்னால் சிவாஜியின் தலைநகரான ராய்கட் முகலாயர் கைக்குப் போனபோது அவருடைய மகன் ராஜாராம் ஓடிவந்து உட்கார்ந்தது உங்கள் ஊரில்தான், 1698 வரை செஞ்சி தாக்குப்பிடித்தது. அங்கே வழிகாட்டிகளிடம் செஞ்சியிலிருந்து வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், 'ஜிஞ்ஜி' என்று அவர்களே கதையை ஆரம்பிப்பார்கள்.

ரத்னகிரியில் மாம்பழம் தவிர என்ன இருக்கிறது?
*– வாசகர், சேலம்*

அல்போன்சா ஏப்ரல், மே மாதத்துக் கதை. எந்த மாதம் போனாலும் தீபா அரண்மனையைப் பாருங்கள். பர்மாவின் கடைசி அரசர் தீபாவை 1885-இல் ஆங்கிலேயர் பிடித்து, முதலில் சென்னையில் வைத்திருந்து, பிறகு இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அவருக்கென்று அரண்மனை கட்டி முடிந்தது 1910-இல். 1916-இல் இங்கேயே இறந்தார், ஊர் திரும்பவே இல்லை. மேட்டின் மேலிருக்கும் அந்தக் கட்டடத்திலிருந்து பார்த்தால் கழிமுகமும் கடலும் தெரியும். அத்தனை வருடம் அந்த மனிதர் இதைத்தானே பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று நினைத்தால் மனசு கனத்துப்போகும்.

இன்னொன்று, ரத்னகிரி மாவட்டத்தின் செம்புறைக்கல் மேடுகளில் பழங்கால மனிதர்கள் தரையிலேயே செதுக்கிய உருவங்கள். காஷேளியில் ஒரு பெரிய யானை, அதன் உடலுக்குள்ளேயே வேறு விலங்குகளும் மீன்களும். 2022-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. வெயில் சாய்ந்திருக்கும் காலையிலோ மாலையிலோதான் கோடுகள் தெரியும். செருப்போடு மேலே ஏறி நடக்காதீர்கள்.

வேளாஸ் ஆமைக்குஞ்சுகளை எப்போது பார்க்கலாம்?
*– பள்ளி ஆசிரியை, நாகப்பட்டினம்*

பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. பங்குனி ஆமைதான், உங்கள் கரைக்கும் வருவதே. முட்டைகளைப் பாதுகாத்துப் பொரித்து, காலையும் மாலையும் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். ஊர்க்காரர்கள் வீடுகளிலேயே தங்க இடம் தருகிறார்கள், ஒரு காலத்தில் முட்டை எடுத்துத் தின்ற ஊர் இப்போது ஆமையால் சம்பாதிக்கிறது. ஒவ்வொரு வேளையும் குஞ்சு வரும் என்று சொல்ல முடியாது, அதனால் ஒரு இரவாவது தங்குங்கள். பிளாஷ் போடக் கூடாது, கயிற்றைத் தாண்டக் கூடாது. குஞ்சைக் கையில் எடுக்கப் பிள்ளைகள் அடம்பிடித்தாலும் விடாதீர்கள், மணலில் தானாக ஊர்ந்து போவது அதற்குத் தேவை.

மீன் பெயர்கள் புரியவில்லை. என்ன சொல்லி வாங்குவது?
*– வாசகர், தூத்துக்குடி*

சுர்மை வஞ்சிரம். பாப்லெட் வாவல். பாங்டா நம்ம அயிலை, தார்ளி மத்தி, கோளம்பி இறால், குர்ல்யா நண்டு, திஸ்ர்யா மட்டி. சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் சுர்மையையே கேட்டு விலையை ஏற்றிவிட்டார்கள். நீங்கள் பாங்டா குழம்பு கேளுங்கள். திர்பள் என்று ஒரு காட்டுக் காயைத் தட்டிப் போடுவார்கள், நாக்கில் சுள்ளென்று மரத்துப்போகும் மணம். அதைக் கடிக்காமல் ஒதுக்கிவிட வேண்டும்.

கடலில் குளிக்கலாமா?
*– வாசகர், ஈரோடு*

எல்லா இடத்திலும் வேண்டாம். கணபதிபுலே கரை பார்க்க அமைதியாக இருக்கும், ஆனால் அங்கே வருடம்தோறும் ஆட்கள் மூழ்குகிறார்கள். கோயிலுக்கு வந்த கூட்டம் அப்படியே கடலில் இறங்குவதுதான் காரணம். பாறைக்கும் கழிமுகத்துக்கும் பக்கத்தில் எங்குமே இறங்காதீர்கள், நீர் வெளியே இழுக்கும் இடங்கள் அவை. தங்கும் வீட்டுக்காரரிடம் கடல் ஏறும் நேரத்தையும் எந்த இடத்தில் இறங்கலாம் என்பதையும் கேட்டுக்கொண்டு, உள்ளூர் ஆட்கள் இருக்கும் இடத்தில், வெளிச்சம் இருக்கும்போது, முழங்கால் அளவோடு நில்லுங்கள். காரை மணலில் இறக்கி ஓட்டவும் வேண்டாம். ஈர மணலில் சக்கரம் புதைந்து, கடல் ஏறி, டிராக்டரைத் தேடி அலையும் குடும்பங்களை அந்தக் கரையில் அடிக்கடி பார்க்கலாம்.